பழுதான பிரிட்ஜும் மங்கிப்போன பில்லும்

கடை பில் பெரும்பாலும் வெப்பத்தாளில்தான் வருகிறது. சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். பொருள் பழுதானால் புகார் செய்ய அது தேவைப்படும்; வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது புகாருக்கான கெடுவில்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். கடைக்காரருக்கு மெயில் மேல் மெயில் போட்டால் அந்தக் கெடு நீளாது. 'பார்க்கிறோம் சார்' என்று இழுத்தடிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்!

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள், பல தகராறுகள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி இணையுங்கள்.