முப்பது நாளும் ஒரு மாதமும்

கோர்ட்டில் நான் பேசிய முதல் வாக்கியம்: "சீனியர் ஹைகோர்ட் போயிருக்கிறார் அய்யா, வாய்தா வேண்டும்." கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் வீட்டு அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டியபடி, "இது எத்தனையாவது வாய்தா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெஞ்ச் கிளார்க்தான் மெல்ல "நாலாவது" என்றார். "கடைசி வாய்ப்பு" என்று எழுதித் தேதி போட்டார்கள். சீனியருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வக்கீல் ஆக என்ன திறமை வேண்டும் என்று சட்டக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். "நல்லா பேசணும்" என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் திருநெல்வேலியில் படித்துவிட்டு வந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை, கட்சிக்காரராகக்கூட.

பதிவு, தேர்வு எல்லாம் ஒரு வழியாக முடிந்தது. 2021-இல், வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் பதிவு செய்தபோது கட்டணத்துக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. மூன்று வருடம் கழித்து, 2024 ஜூலையில், சட்டத்தில் சொல்லியிருக்கும் 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125) பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான், வளையலுக்குத்தான் உதவவில்லை. அகில இந்திய பார் தேர்வு அப்போது நூறு கேள்விகள், மூன்றரை மணி நேரம். குறிப்பு எதுவும் எழுதாத சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். எந்தச் சட்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்தால் போதும். அந்தப் பழக்கம் பின்னால் எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது. 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, மோசடிக்கான பிரிவு 420 என்பது 318 ஆகவும், கொலைக்கான 302 என்பது 103 ஆகவும் மாறியபோது, எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்த பெரியவர்கள்தான் அதிகம் திண்டாடினார்கள்.

பேசுவதைவிடக் கேட்பது கஷ்டம் என்பதை ஒரு குறுக்கு விசாரணையில் கண்டேன். எங்கள் கீழ்க் கோர்ட்டுகளில் கேள்வி பதில் பெரும்பாலும் அப்படியே பதிவாகாது. சாட்சி சொல்வதை, சாட்சியே "நான்" என்று பேசுவது போல மாற்றி நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொல்வார். "நான் கடன் வாங்கவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்பது மாதிரி. முதல் முறை கேட்பவருக்குத் தலை சுற்றும். ஒரு நாள் பாகப் பிரிவினை வழக்கில் எங்கள் சாட்சியிடம், பத்திரம் எழுதிய அன்று யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். அவர் "ஞாபகமில்லை" என்றார். பதிவில் "தெரியாது" என்று போனது. சீனியர் பாதி எழுந்து, "அய்யா, ஞாபகமில்லை என்றுதான் சொன்னார்" என்றார். உடனே திருத்தினார்கள். தெரியாது என்றால் அவர் அங்கே இல்லவே இல்லை என்று வாதத்தில் இழுப்பார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் காதில் அது விழவே இல்லை. ஆங்கிலத்தில் எதையோ அழகாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது ஒரு செக் கேஸ். 2022-இல் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வந்தார். செக் தேதி மார்ச் 10. பணமில்லை என்று திரும்பி, அதற்கான பேங்க் மெமோ அவர் கைக்கு மார்ச் 22-இல் வந்திருக்கிறது. நோட்டீஸ் தயாரிக்கும் வேலையைச் சீனியர் என்னிடம் விட்டுவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். நான் வார்த்தை வார்த்தையாகச் செதுக்கி ஏப்ரல் 22-ஆம் தேதி பதிவுத் தபாலில் போட்டேன். ஒரு மாதம் சரியாக இருக்கிறதே என்று நிம்மதி வேறு.

தபால் ரசீதை வழக்குக் கட்டுக்குள் வைக்கும்போது குமாஸ்தா அண்ணாச்சி கேட்டார்: "ஏம்மா, மார்ச்சுக்கு எத்தனை நாளு?"

முப்பத்தொன்று. மெமோ வந்ததிலிருந்து முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அது ஏப்ரல் 21-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிறகு பணம் கட்ட, செக் கொடுத்த எதிரிக்குப் பதினைந்து நாள். அதற்கப்புறம் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்வதற்குத்தான் "ஒரு மாதம்". ஒன்றுக்கு நாள் கணக்கு, இன்னொன்றுக்கு மாதக் கணக்கு. புகார் தாமதமானால் தக்க காரணம் சொல்லிக் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழியும் கிடையாது.

அன்று இரவு சாப்பிடவில்லை. சீனியருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "செக்குக்கு மூன்று மாசம் ஆயுள் இருக்குல்ல? திரும்பவும் பேங்கில் போடச் சொல்லு" என்றார். செல்லுபடியாகும் காலத்துக்குள் செக்கை மறுபடி போடலாம், புதிதாகத் திரும்பினால் அந்த மெமோவிலிருந்து புது நோட்டீஸ் கொடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. மே முதல் வாரம் செக் மறுபடி திரும்பியது. மூன்றாம் நாளே நோட்டீஸ் போய்விட்டது.

கட்சிக்காரரிடமும் தவறு என்னுடையது என்று சொன்னேன். "சரி வக்கீலம்மா, இனி பார்த்துச் செய்யுங்க" என்றார். சொல்லாமல் மறைத்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. சொல்லிவிட்ட பிறகுதான் அவர் கடைக்கு அரிசி வாங்க என்னால் போக முடிந்தது.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது பெரும்பாலும் அண்ணாச்சிதான். வக்காலத்தில் (கட்சிக்காரர் நமக்குக் கையெழுத்துப் போட்டுத் தரும் அதிகாரப் பத்திரம்) வக்கீல் நல நிதி ஸ்டாம்ப் விட்டுப்போனால் திருப்பிவிடுவார்கள் என்பது முதல், எந்தப் பிரிவில் எந்த நேரத்தில் காகிதம் நகரும் என்பது வரை. அவரிடம் கருப்பு அங்கியின் மிடுக்கைக் காட்டிய ஜூனியர்கள் யாரும் எங்கள் அலுவலகத்தில் நிலைக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதம் ஒன்றுமில்லை, பிறகு பெட்ரோலுக்கென்று மூவாயிரம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நான் சுற்றுவட்டாரத்தில் விசாரித்த வரை அந்தத் தொகையை வாங்கும் ஜூனியரை இன்னும் பார்க்கவில்லை. வீட்டில் இரண்டு மூன்று வருடம் தாங்குவார்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

செக் கேஸ் இன்னும் முடியவில்லை. எதிரி சமரசத்துக்கு வந்து பாதிப் பணத்தைக் கட்டியிருக்கிறார். மீதிக்கு வாய்தா கேட்டிருக்கிறார், ஏழாவது முறையாக. இப்போதெல்லாம் எண்ணி வைத்துக்கொள்கிறேன்.