கோப்பைத் திறந்து பார்ப்பது யார்?

நம் கல்லூரி மண்டபத்தில் அடிக்கடி மேடையேறிய விவாதத் தலைப்பு ஒன்று உண்டு: "ஆட்சியாளர் தகவலை மறைக்கலாமா?" தொண்ணூறுகளில் அங்கே படித்தவர்களுக்கு முடிவும் நினைவிருக்கும். "மறைக்கலாம்" என்ற பக்கமே பெரும்பாலும் கேடயத்தோடு இறங்கும். அவர்கள் கையில் இலங்கையின் 1955ஆம் ஆண்டு அரச இரகசியச் சட்டம் இருந்தது. உத்தியோகத்தர் வாயைக் கட்டிப்போடும் தாபனக் கோவை என்ற அரச சேவை விதித்தொகுப்பு இருந்தது. திணைக்களத் தலைவர் அனுமதிக்காவிட்டால் அரச ஆவணம் நீதிமன்றத்துக்கே வராது என்பதற்குச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 123ஆம் பிரிவு இருந்தது. எதிர்ப் பக்கத்தாரிடம் இருந்ததோ இரண்டு மேற்கோளும் நல்ல குரல்வளமும். 1998இல் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தபின் அந்தக் குரலும் தணிந்துபோயிற்று.

இன்று அந்தத் தலைப்பை எடுக்கும் பிள்ளைகளுக்கு வேறு ஆயுதம் இருக்கிறது. 2015இல் 19ஆவது திருத்தம், தகவல் அறியும் உரிமையைத் தரும் 14அ உறுப்புரையை அரசியலமைப்பில் சேர்த்தது. அதன் வழியே வந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது.

எதையும் மறைக்கவே கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. தேசிய பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, நாணய மாற்று வீதத்தில் வரப்போகும் முடிவு, வர்த்தக இரகசியம், தனிப்பட்ட விபரம் என்று 5ஆம் பிரிவு நீளமாகவே விலக்களிக்கிறது. அதில் பெரும்பகுதி நியாயம்தான். ரூபாயின் பெறுமதி நாளை மாறப்போகிறது என்று இன்றைக்கே சொன்னால் லாபம் யாருக்கு என்று விளக்கத் தேவையில்லை. அமைச்சரவைப் பத்திரத்துக்குத் தரப்பட்ட விலக்கு இன்னும் கச்சிதமானது: தீர்மானம் எடுக்கும் வரைதான் அது மூடியிருக்கும். தீர்மானம் வந்துவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.

மறைத்தது சரியா என்று பார்ப்பவர் யார் என்பதில்தான் மாற்றம் நடந்தது. முன்பு மறைத்தவரே நீதிபதி. இப்போது தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு, மறுக்கப்பட்ட ஆவணத்தையே வரவழைத்துப் படிக்கலாம். மறுத்தது சட்டப்படி சரி என்று காட்டும் பொறுப்பு அலுவலகத்தின் தலையில். ஒரு பக்கத்தில் இரகசியம் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறைத்து மிச்சத்தைத் தரவேண்டும். விலக்குக்குள் வரும் தகவலாக இருந்தாலும், வெளியிடுவதில் பொதுநலன் கூடுதல் என்றால் திறந்தாக வேண்டும். இந்தியச் சட்டத்தில் உளவு அமைப்புகள் பட்டியல் போட்டு ஒதுக்கப்பட்டுள்ளன. இங்கே எந்த நிறுவனமும் முழுதாகத் தப்பவில்லை. ஜனாதிபதி செயலகத்திடமும் கேட்கலாம், இராணுவத்திடமும் கேட்கலாம்.

தலைவர்கள் இதை எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2018இல் ஒரு பத்திரிகையாளர் பாராளுமன்றத்திடம் கேட்டது சொத்து விபரத்தைக்கூட அல்ல. 2010 முதல் சொத்து, பொறுப்பு (கடன்) பிரகடனம் கையளித்த உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும். மறுத்தார்கள். கொடுக்கும்படி ஆணைக்குழு 2021இல் கட்டளையிட்டது. பாராளுமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயிற்று. அங்கும் 2023 பெப்ரவரியில் தோற்றது. சொத்துப் பிரகடனச் சட்டத்தில் இரகசியம் காக்கச் சொல்லும் பிரிவு இருந்தாலும், இரண்டு சட்டங்கள் முரண்பட்டால் தகவல் சட்டமே மேலோங்கும். சட்டத்தை நிறைவேற்றிய சபையே அதற்கு எதிராக வழக்காடியது நம் விவாத மேடைக்கு நல்ல சரக்கு. அதே ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்தப் பிரகடனங்களைப் பொதுமக்கள் பார்க்க வழி செய்தது.

கொழும்பில் விண்ணப்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பில். "வடிகால் வேலை ஏன் முடியவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது. "இன்ன வேலையின் ஒப்பந்தப் பிரதி, செலவு மதிப்பீடு, இன்ன திகதி வரை செய்த கொடுப்பனவுகளின் வவுச்சர் பிரதிகள்" என்று எழுதவேண்டும். கதவும் சரியாக இருக்கவேண்டும்: காலி வீதி என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, அதிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் மாநகர சபையுடையவை. மாறிப் போட்டால் "எம்மிடம் இல்லை" என்ற ஒரு வரி வரும், அது பொய்யும் அல்ல. ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலர் விசாரித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம்.

நாட்களை எண்ணாதவர் தோற்பார். விண்ணப்பத்தைப் பெறும் தகவல் அலுவலருக்குப் பதில் தர 14 வேலை நாட்கள். ஆவணம் பெருந்தொகை என்றால் இன்னும் 21 நாட்கள் வரை நீட்டிக்கலாம். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். பதிலே வராவிட்டாலும் மறுப்புத்தான். 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். பிறகு ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது. ஆணைக்குழு 30 நாளில் முடிக்கவேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுபடும். நாட்கள் எண்ணப்படுவது விண்ணப்பம் கிடைத்த திகதியிலிருந்து என்பதால் பற்றுச்சீட்டு வாங்காமல் கந்தோரை விட்டு இறங்கக் கூடாது, அல்லது பதிவுத் தபால். வேண்டுமென்றே தகவலை மறைத்தவர் அல்லது அழித்தவர்மீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்கிட முடியும். 50,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

டொரன்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிப்பவர்களுக்கு ஒன்று: இது பிரஜைகளின் உரிமை. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் கேட்கலாம். இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்து திரும்பப் பெறாதவர் கேட்க முடியாது. ஒரு சங்கம் கேட்பதானால் அங்கத்தவரில் முக்கால்வாசிப் பேராவது பிரஜைகளாக இருக்கவேண்டும். நம் வெளிநாட்டுக் கிளைகள் பல இதில் அடிபடும். அரசாங்கப் பாடசாலையும் இந்தச் சட்டத்துக்குள் வருவதால், நாம் அனுப்பிய பணத்தில் எழுந்த கட்டடத்தின் கணக்கையும் கேட்கலாம். அதற்குச் சுருக்கு வழி, கொழும்பில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் விண்ணப்பிப்பது.