அப்பாவின் நடுக்க மாத்திரையும் நான் எழுதாமல் விட்ட காகிதமும்

நேற்று இரவு அப்பா விடியும்வரை தூங்கினார். காலையில் எழுந்து என்னை என் பெயர் சொல்லியே கூப்பிட்டார். ஐந்து மாதம் பட்ட பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இது பெரிய விஷயம். பார்க்கின்சன் நோய்க்காக உங்கள் வீட்டில் யாராவது ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற நடுக்க மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தால், நாங்கள் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 61 வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பியல் மருத்துவர், பரிசோதனை, பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுபோலவே நடந்தன. நடுக்கம் மட்டும் அடங்கவில்லை, அதனால் இந்த மாத்திரையையும் சேர்த்தார். 2 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்று தொடங்கி, மெல்லக் கூட்டி, கடைசியில் ஒரு நாளைக்கு மூன்று முழு மாத்திரை. நன்றாகவே கேட்டது. சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை அப்பாவே போட்டுக்கொண்ட அன்று அம்மா அழுதுவிட்டார். நடையின் தளர்ச்சியும், எறும்பு வரிசைபோலச் சிறுத்துவிட்ட கையெழுத்தும் மாறவில்லை. இது நடுக்கத்துக்குத்தான், நடைக்குப் பெரிதாக உதவாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். வாய் காய்ந்தது, மலச்சிக்கல் வந்தது. அதையெல்லாம் சமாளித்தோம்.

தொடங்குவதற்கு முன் கண் அழுத்தம் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். சில வகைக் கண் அழுத்த நோய் இருந்தால் இந்த மாத்திரை பார்வைக்கே ஆபத்து. மருந்து அட்டைகளை எடுத்துப் போகாமல் கண் மருத்துவரிடம் போய் நின்றேன். "வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்து, மறுநாள் மறுபடியும் போனோம். அந்த ஒரு நாள் அலைச்சலிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அடுத்த அடி மருந்துக்கடையில் விழுந்தது. சீட்டு பழையதாகிவிட்டது, புதிதாக எழுதி வாங்கி வந்தால்தான் தருவோம் என்றார்கள். சரி, அதுவரை நியாயம். ஆனால் கடைக்காரர் பக்கத்தில் நின்றவர்கள் காதுபட, "இது போதைக்கு வாங்கறாங்க, சும்மா கொடுக்க முடியாது" என்றார். சிலர் அப்படித் தவறாகப் பயன்படுத்துவது உண்மைதான். அதற்காக, கை நடுங்க நிற்கும் பெரியவரைப் பார்த்துக்கொண்டே சொல்வதா? அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மருத்துவர் ஊரில் இல்லை. இரண்டரை நாள் மாத்திரை இல்லாமல் போனது. நடுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பியது, உடம்பு விறைத்து, படுக்கையில் புரளக்கூட முடியாமல் தவித்தார். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பத்து நாள் இருப்பு இருக்கும்போதே புதுச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

உண்மையான சோதனை அப்பாவின் 67ஆவது வயதில் வந்தது. அடிக்கடி சிறுநீர் அவசரம் என்று வேறொரு மருத்துவரிடம் போனோம், ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார். அதே மாதம் சளி பிடித்தது. சீட்டு இல்லாமலே குளோர்ஃபெனிரமின் கலந்த சிரப் ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு விளக்கு எரிகிறதே என்று போய்ப் பார்த்தால், அப்பா படுக்கை விரிப்பில் எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒன்றுமே இல்லை. "அக்கா, எறும்பு பாரு" என்றார் என்னைப் பார்த்து. அத்தை போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது.

மறுநாள் காட்டிய இடத்தில், "வயசாகுது, இந்த வியாதி முத்தினா இப்படித்தான்" என்று சொல்லி, ஞாபக சக்திக்கு ரிவாஸ்டிக்மின் எழுதிக் கொடுத்தார்கள். வேறு என்னென்ன மருந்து என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் தப்பும் அதில் உண்டு. ஏனோ மனசு கேட்கவில்லை. அந்த மாத்திரையை வாங்காமல், வீட்டிலிருந்த அத்தனை அட்டைகளையும் சிரப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பழைய நரம்பியல் மருத்துவரிடமே போனேன்.

பையை மேசையில் கொட்டினார். நடுக்க மாத்திரை, சிறுநீர் மாத்திரை, சளி சிரப் மூன்றையும் தனியே நகர்த்தி வைத்து, "மூணும் ஒரே வேலையைத்தான் செய்யுது" என்றார். பார்க்கின்சனில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்து, அசிடைல்கோலின் என்ற இன்னொன்றின் கை ஓங்கிவிடுகிறது. நடுக்க மாத்திரை அசிடைல்கோலினைத் தடுத்து நடுக்கத்தைக் குறைக்கிறது. நினைவுக்கும் தெளிவுக்கும் தேவைப்படுவதும் அதே அசிடைல்கோலின்தான். மூன்று பக்கமிருந்தும் அதை அடைத்தால் புத்தி தடுமாறாமல் என்ன செய்யும்? வாங்காமல் விட்ட ரிவாஸ்டிக்மின் அதைக் கூட்டும் மருந்து. ஒரு மாத்திரை இறக்க, இன்னொன்று ஏற்ற, நடுவில் அப்பா. வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியலில் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் இருக்கிறது என்றார். 61 வயதில் சரியாக இருந்தது 67இல் சரிதானா என்று ஆறு வருடத்தில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சிரப் அன்றோடு நின்றது. சிறுநீர் மாத்திரைக்குப் பதிலாக வேறு விதமாக வேலை செய்யும் ஒன்று வந்தது. நடுக்க மாத்திரையை மட்டும் வாரங்கள் கணக்கில், பாதி பாதியாகக் குறைத்தார், கூடவே லெவோடோபா நேரங்களை மாற்றினார். அந்தக் கணக்கு அப்பாவின் உடம்புக்குப் போட்டது, அதனால் இங்கே எழுதவில்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குறைக்கும்போது சில நாட்கள் கடினமாகத்தான் இருந்தன. ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வேளையும் கோடு போட்டோம். எறும்புகள் இரண்டாவது வாரத்தில் காணாமல் போயின.

நடுக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும் எழுதிய காகிதம் ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிறது, நகல் என்னிடம். போன வாரம் மறுபடி சளி. மருந்துக்கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே காகிதத்தை எடுத்து நீட்டி, "இதோட ஒத்துப்போகுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். கடைக்காரப் பெண் அதைப் படித்துவிட்டு, எடுத்து வைத்த சிரப்பைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.