கதவு முழுதாகத் திறக்க வேண்டும்

முதலில் ஒரு கணக்கு. சாதாரணமாக ஒரு காரை நிறுத்த ஒதுக்கும் இடத்தின் அகலம் 2.4 மீட்டர், கொஞ்சம் தாராள மனசு இருந்தால் 2.5. நடுத்தரக் காரின் அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல், 1.7 அல்லது 1.8 மீட்டர். இரண்டு கோட்டுக்கும் நடுவே காரைச் சரியாக நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கத்துக் காரும் அதே ஒழுங்கில் நின்றால் இரண்டுக்கும் இடையே அறுபது, எழுபது சென்டிமீட்டர். கால் நன்றாக இருப்பவர்களுக்கு அது போதும். கதவைப் பாதி திறந்து, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிடலாம். என் வீல்சேரின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதைத் தரையில் வைக்க இடம் கிடைத்தாலும் கதவைத் திறக்க இடம் கிடைக்காது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் தூரத்தைத்தான் பேசுகிறார்கள். வாசலுக்குப் பக்கத்தில் பார்த்து ஒதுக்கிக் கொடுத்த சலுகை, ஏதோ முன்வரிசை நாற்காலி என்கிற நினைப்பு. தூரம் முக்கியமானவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என் விஷயத்தில் தரை மட்டமாக இருந்தால் நடந்து வருகிறவர்களை முந்திக்கொண்டு போய்விடுவேன். எனக்கு வேண்டியது அகலம்.

நான் ஒரு கணக்காளர். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. என் காரை நானே ஓட்டுகிறேன். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கைப்பிடி, தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். ஓட்டுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. இறங்குவதுதான் வேலை. கதவை முழுதாகத் திறப்பேன். பக்கத்து சீட்டில் வைத்திருக்கும் வீல்சேரின் சட்டத்தைத் தூக்கி, என் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கொண்டுவந்து, வெளியே தொங்கவிடுவேன். அப்புறம் பின்சீட்டிலிருந்து சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அச்சை அதன் துளையில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துவேன். குஷனைப் போட்டு, பிரேக் போட்டு, கால்களைக் கையால் தூக்கி வெளியே வைத்து, ஒரு கை சீட்டில், ஒரு கை வீல்சேரில் ஊன்றி, ஒரே தாவல். இத்தனையும் நடக்க வீல்சேர் காரோடு ஒட்டிச் சாய்வாக நிற்க வேண்டும், திறந்த கதவு அதற்கு வழிவிட வேண்டும்.

வீல்சேர் படம் போட்ட நீலப் பலகைக்குக் கீழே, கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், குறுக்குக் கோடு கோடாக வரைந்து வைத்திருப்பார்களே, அந்த இடம் இதற்காகத்தான் இருக்கிறது. பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இன்னும் பலர் அதை மிச்சம் விழுந்த இடம் என்று நினைத்து பைக்கைச் சொருகுகிறார்கள். கடையில் தள்ளிக்கொண்டு வந்த டிராலியை அங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். பனி பெய்யும் ஊர்களில், அள்ளிய பனியை அங்கே மலையாகக் குவிப்பதும் உண்டு. நீலப் பலகைக்கு நேரே காரை நிறுத்துகிறவருக்காவது தான் செய்வது தப்பு என்று தெரியும். கோட்டின்மேல் பைக்கை விட்டுப் போகிறவருக்கு அதுவும் தெரியாது. என் அனுபவத்தில் இரண்டாவது ஆள்தான் அதிகத் தொல்லை.

ஏனென்றால் வரும்போது இடம் இல்லாவிட்டால் நான் வேறு எங்காவது போய்விடலாம். உள்ளே போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது அந்தக் கோடு போட்ட இடத்தில் ஒரு கார் நின்றால் நான் போவதற்கு வழியே இல்லை. என் கார் கண்ணுக்கு முன்னால் நிற்கும், சாவி கையில் இருக்கும், கதவு ஒரு சாண்தான் திறக்கும். இன்னொருவரிடம் சாவியைக் கொடுத்துக் காரைப் பின்னால் எடுக்கச் சொல்ல வேண்டும். வருகிறவர் நல்லவராகத்தான் இருப்பார், ஆனால் கைப்பிடியிலிருந்து பெடலுக்குப் போகும் கம்பியில் முழங்காலை இடித்துக்கொண்டு, எதை மிதிப்பது எதை இழுப்பது என்று குழம்பி, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அவர் எடுத்து முடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

ஒருமுறை அந்தக் காரின் சொந்தக்காரர் வந்தார். கையில் ஒரு சின்னப் பை. "ரெண்டு நிமிஷம்தான் மேடம் ஆச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சமாதானமாகத்தான் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. எத்தனை நிமிடம் என்று பார்க்க எனக்குத் தோன்றவும் இல்லை.

இன்னொரு வகை, நீல இடத்தில் எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள். "ஆள் உள்ள இருக்கேனே, யாராவது வந்தா உடனே எடுத்துடுவேன்" என்பது அவர்கள் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் யாரும் யோசிக்காத ஒன்று உண்டு: உங்கள் கண்ணாடியைத் தட்டி "கொஞ்சம் எடுக்கறீங்களா" என்று கேட்க, நான் முதலில் இறங்க வேண்டும். இறங்குவதற்கு எனக்கு அந்த இடம் வேண்டும். பின்னால் நின்று ஹாரன் அடிக்கலாம். அடித்தால் நீங்கள் போனிலிருந்து தலை நிமிர்வதற்குள் எனக்குப் பின்னால் வரிசை கட்டியவர்கள் என்னைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள். பார்க்கிங் முழுக்க உங்களை நகரச் சொல்ல முடியாத ஒரே ஆள் யாரோ, அந்த ஆளுக்காகத்தான் அந்த இடம்.

விதிகளைப் போட்டவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். இந்தியாவின் கட்டட விதிகளில் இப்படிப்பட்ட இடத்துக்குக் குறைந்தபட்ச அகலம் 3.6 மீட்டர். பிரிட்டனில் 2.4 மீட்டர் இடமும் அதை ஒட்டி 1.2 மீட்டர் கோடு போட்ட பகுதியும், கூட்டினால் அதே 3.6. அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் எட்டு அடி இடம், ஐந்து அடி கோடு போட்ட பகுதி. அந்தக் கோடு போட்ட பகுதியை இரண்டு இடங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம், அதனால் அதில் நிற்கும் ஒரே ஒரு பைக் இரண்டு பேரைத் தடுத்துவிடும். தரையின் சரிவு எந்தப் பக்கமும் 48க்கு 1 என்ற அளவை, அதாவது 48 அடி தூரத்துக்கு ஒரு அடி உயரத்தை, தாண்டக்கூடாது என்றும் அங்கே விதி. இதை எழுதியவர் யாரோ, வீல்சேர் தானாக உருண்டு போவதைப் பார்த்திருக்கிறார். நான் பாதி சீட்டிலும் பாதி காற்றிலும் இருக்கும்போது வீல்சேர் ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், தரையில் கிடப்பேன்.

"இவங்களுக்கு எத்தனை இடம்தான் ஒதுக்குவீங்க?" என்று ஒரு கேள்வி வரும். அதே அமெரிக்க விதிப்படி நூறு இடங்கள் உள்ள பார்க்கிங்கில் நான்கு. இருபத்தைந்து வரை உள்ளதில் ஒன்று. அவ்வளவுதான். மீதித் தொண்ணூற்றாறும் உங்களுடையவை. அவை நிரம்பியிருந்தால் உங்களுக்கு இன்னொரு சுற்று சுற்றுகிற அலுப்பு.

அடுத்து, "எப்பப் பார்த்தாலும் காலியாத்தான கிடக்கு" என்கிற வாதம். ஒரு அலுவலகத்தின் செக்யூரிட்டி என்னிடம் இதையே சொன்னார். வீல்சேரில் யாரும் வருவதே இல்லையாம், அதனால் மேலதிகாரியின் கார் அங்கே நிற்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லையாம். நான் அங்கே அதற்கு முன்பும் வந்திருக்கிறேன். அந்தக் காரைப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்பியிருக்கிறேன். நான் திரும்பிப் போனது எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. இறங்கினவர்களைத்தான் அவர் பார்த்தார், இறங்க முடியாதவர்கள் அவர் கண்ணில் படவே இல்லை. இடத்தை எடுத்துக்கொண்டால் ஆட்கள் வராமல் போவார்கள், ஆட்கள் வராததைக் காட்டி இடத்தை எடுத்துக்கொள்ளலாம். அவசர வழியை யாரும் தினமும் பயன்படுத்துவதில்லை என்பதற்காக அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்குவது மாதிரி.

தூரம் முக்கியமானவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். என் தோழி ஒருத்திக்கு நுரையீரல் நோய். பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரிலிருந்து சாதாரணமாக இறங்கி, நிமிர்ந்து நடப்பாள், இருபது முப்பது அடிக்கு. அதன்பின் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த இடங்களில் நிறுத்த அனுமதி தரும் முறையான அட்டை அவளிடம் இருக்கிறது, காரின் முன்கண்ணாடியில் தெரிகிற மாதிரி வைக்கிறாள். இருந்தும் அவளைத்தான் முறைக்கிறார்கள். "நல்லாத்தானே நடக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை, வீல்சேர் எனக்காகப் பேசிவிடுகிறது.

இதில் அந்த நீலப் படத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன்னா கூஃபுட் என்ற வடிவமைப்பு மாணவி வரைந்தது. அவர் வரைந்தபோது அதற்குத் தலை இல்லை, வெறும் நாற்காலி மாதிரி இருந்தது. பிறகு கார்ல் மொன்டான் என்பவர் மேலே ஒரு வட்டத்தைச் சேர்த்து மனிதனாக்கினார். உலகம் முழுக்கப் புரிகிற படம், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து, சக்கரம் இல்லாதவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்டில்தான், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களும் நீல அட்டை பெறும்படி விதியைத் தெளிவாக்கினார்கள். இடத்தை அபகரிப்பவர்கள்மேல் கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், கால்களைப் பார்க்காதீர்கள்.

சரி, அட்டையே பொய்யாக இருந்தால்? அதுவும் நடக்கிறது. பாட்டியின் அட்டையை எடுத்துக்கொண்டு பேரன் சினிமாவுக்குப் போவான், பாட்டி வீட்டில் இருப்பார். சில சமயம் பாட்டி உயிரோடே இருக்கமாட்டார். பிரிட்டனில் அட்டைக்கு உரியவர் அந்தப் பயணத்தில் இல்லாதபோது அதைப் பயன்படுத்தினால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம். 1999இல் அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் பலர்மேல், இல்லாத உடல்குறையைச் சொல்லி அட்டை வாங்கியதாக வழக்கே வந்தது. ஒருவரை ஒருவர் மோதித் தள்ளி விளையாடும் அமெரிக்கக் கால்பந்து. இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு அடங்கியபின் யோசித்தால், ஆசை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பல ஊர்களில் இந்த அட்டை இருந்தால் கட்டணம் கிடையாது. தெருவோரப் பார்க்கிங் மீட்டருக்குக் காசு போட வேண்டாம், நேரக் கட்டுப்பாடும் பெரும்பாலும் இல்லை. நல்லெண்ணத்தில் கொடுத்த சலுகைதான், ஆனால் கட்டணம் அதிகமுள்ள நகரத்தில் அந்த அட்டை ஒரு சொத்து. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1995இல் இதை மாற்றியது. இடம் ஒதுக்குவது எல்லா அட்டைக்காரர்களுக்கும் தொடர்ந்தது, இலவசம் மட்டும் உடல்குறையால் மீட்டரை இயக்கவே முடியாதவர்களுக்கு என்று ஆனது. அதற்கு முன் இலவசம் தரும் அட்டைகள் சுமார் ஐந்து லட்சம் இருந்தன. புதிய விதிப்படி இலவச அட்டை கேட்டு வந்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். 2014இல் இல்லினாய்ஸ் மாநிலமும் இதே வழிக்கு வந்தது.

நான் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பில் உள்ள நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது. கிடைத்த ஒன்றை ஏன் விட வேண்டும், வேலை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார்கள். வேலை இல்லாதவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுக்கட்டும் என்பது என் கட்சி. நான் சம்பாதிக்கிறேன், மீட்டருக்குப் போட என்னிடம் காசு இருக்கிறது. என் வீல்சேர் எட்டுகிற உயரத்தில் மீட்டரை வைத்தால் போட்டுவிட்டுப் போகிறேன்.

அபராதத்தைவிட எனக்கு நம்பிக்கை தருவது இரும்புக் கம்பம். அந்த அலுவலகத்துக்கு, மேலதிகாரியின் கார் நின்றதே, அதற்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபம் காட்டாமல், அளவுகளோடு, கையால் வரைந்த படத்தோடு எழுதினேன். கோடு போட்ட பகுதியின் வாயில் ஒரு கம்பம் நட்டால் கார் நுழையாது, இரண்டு பக்கமும் தொண்ணூறு சென்டிமீட்டர் விட்டால் வீல்சேர் நுழையும், கதவு திறக்கும் இடத்துக்கு நேரே மட்டும் நடாதீர்கள் என்று குறித்திருந்தேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்தமுறை போனபோது கம்பம் இருந்தது, சரியான இடத்தில் இருந்தது, செக்யூரிட்டி தானே முன்வந்து அதைக் காட்டினார். மேலதிகாரியின் கார் வேறு பக்கம் போயிருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் விட்ட தொண்ணூறு சென்டிமீட்டரில் பைக்கும் நுழையும் என்பதுதான் சிக்கல். செக்யூரிட்டி பைக்காரர்களை விரட்டுகிறார், அவர்கள் கொண்டுபோய் சரிவுப்பாதையின் அடியில் நிறுத்துகிறார்கள். அந்தச் சரிவுப்பாதைக்கு இப்போது இன்னொரு படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.