அலோர் ஸ்டார் டாக்டர்: மகாதீரின் கிளினிக்கும் அரசியலும்

பின்னாளில் மலேசியப் பிரதமரான மகாதீர் முகமது, 1957-இல் அரசு மருத்துவர் வேலையை விட்டு வந்து, சொந்த ஊரான அலோர் ஸ்டாரில் 'மஹா கிளினிக்' திறந்தார். அந்த ஊரில் தனியார் கிளினிக் வைத்த முதல் மலாய் டாக்டர் அவர்தான். அரசு ஊழியராக இருந்துகொண்டு அம்னோ என்ற மலாய்க் கட்சியின் வேலை பார்ப்பது கஷ்டம். சொந்த கிளினிக் என்றால் நேரம் நம் கையில், வருமானமும் நம் கையில். அலோர் ஸ்டார் இருக்கும் கெடா நெல் விளையும் மாநிலம். வயல்வெளியைத் தாண்டிப் போய், வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துவிட்டு வருவார். கட்சியும் வைத்தியமும் அப்படிக் கலந்துபோனதால் ஊர்க்காரர்கள் அதை 'அம்னோ கிளினிக்' என்றே சொன்னார்கள்.

1964-இல் கோத்தா ஸ்டார் செலாத்தான் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். 1969-இல் அதே தொகுதியில் 989 வாக்கில் தோற்றார். அந்த ஆண்டு மே 13-இல் வெடித்த மலாய்-சீன இனக் கலவரத்துக்குப் பிறகு பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைக் கண்டித்துக் கடிதம் எழுத, கட்சி அவரை வெளியேற்றியது. மறுபடி கிளினிக்தான் சோறு போட்டது. தொழில் கையில் இருந்ததால்தான் பதவி போனபோதும் அவரால் வளையாமல் நிற்க முடிந்தது.

ஆனால் டாக்டர் புத்தி அவரைச் சறுக்கவும் வைத்தது. 1970-இல் வந்த 'மலாய் டிலெமா' புத்தகத்தில் மலாய்க்காரர்களின் ஏழ்மைக்குப் பரம்பரைக் குணத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஒரு சமூகத்தின் வறுமையை உடம்பில் தேடியது தப்பான நோயறிதல். புத்தகம் தடை செய்யப்பட்டது. கட்சிக்குத் திரும்பி 1981-இல் அவர் பிரதமரான பிறகே தடை நீங்கியது.

பிரதமரானதும் அரசு ஊழியர்களுக்குப் பெயர் அட்டை, வருகைக்குப் பஞ்ச் கார்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னே தள்ளி, போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்கோடு சேர்த்தார். மருந்து எழுதுகிறவர் நோயாளியிடம் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. 1998-இல், ஆசிய நிதி நெருக்கடியின்போது, ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) பாணி வைத்தியத்தை ஒதுக்கிவிட்டு, மலேசிய நாணயமான ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டபோது அந்தப் பிடிவாதம் பலித்தது. 1987-இல் எதிர்த்துப் பேசியவர்களை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தபோது அதே பிடிவாதம் நாட்டைக் காயப்படுத்தியது. அந்தக் கைதுகளை எந்தச் சாதனையோடும் கழித்துக்கொள்ள முடியாது.

1989-இல் அவருக்கே இதய பைபாஸ். வெளிநாடு போகாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில், உள்ளூர் டாக்டர்களிடமே அறுவை செய்துகொண்டார். 1992-இல் தேசிய இதயக் கழகம் உருவானது. அவருடைய முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, உள்ளூரிலேயே அறுவை செய்துகொண்டதுதான்.

இளம் டாக்டராக வேலை பார்த்த லங்காவியை 1987-இல் வரியில்லாத் தீவாக்கினார். 2018-இல், 92 வயதில், அதே தீவில் வென்று மீண்டும் பிரதமரானார். 2022-இல் அங்கேயே 4,566 வாக்குகள் மட்டும் வாங்கி டெபாசிட் இழந்தார்.