மிராமிஷி ஆற்றில் மூன்று காலைகள்

பிப்ரவரியிலேயே முழுப் பணத்தையும் கட்டி, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் சால்மன் மீன் பிடிப்பதற்காக, ஜூலை மூன்றாம் வாரத்துக்கு மிராமிஷி ஆற்றோர விடுதியொன்றில் இடம் பிடித்திருந்தவன் என்பதால், இதைச் சற்று எரிச்சலோடுதான் எழுதுகிறேன். டொராண்டோவிலிருந்து மாங்க்டன் வரை விமானம், பிறகு டோக்டவுன் வரை கார், பயணத்தில் குறையில்லை. சிக்கல் மீன்பிடி உரிமத்தில் தொடங்கியது.

நியூ பிரன்ஸ்விக்கில் சால்மனுக்கு உரிமம் தனி, சால்மன் நீங்கலான மற்ற மீன்களுக்கு உரிமம் தனி. நான் இணையத்தில் வாங்கி, அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பத்திரமாகக் கொண்டுபோனது இரண்டாவதை. வழிகாட்டி அதை ஒருமுறை படித்துவிட்டு, இதைக் கொண்டு டிரவுட் போன்ற வேறு மீன் வேண்டுமானால் பிடிக்கலாம் என்றார். புதிய உரிமத்துக்கான செலவைவிட முதல் நாள் காலை வீணானதுதான் வலித்தது. கனடாவிலேயே வாழ்ந்தாலும் பிற மாகாணத்தவர் அங்கே வெளியார்தான்; வழிகாட்டி உடனில்லாமல் சால்மனுக்குத் தூண்டில் வீசக் கூடாது.

அடுத்த அடி வெயில். விடுதியின் விளம்பரப் படத்தில் என்னை மயக்கிய மடு, குளிர்ந்த ஓடையொன்று ஆற்றில் கலக்கும் இடம்; நான் போனபோது அங்கே மீன்பிடிக்கத் தடை போட்டு மூடியிருந்தார்கள். ஆற்றுநீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும் நாட்களில் சால்மன்கள் இத்தகைய இடங்களில்தான் ஒதுங்கிக் கிடக்கும்; அந்த நிலையில் தூண்டிலில் போராடிக் களைத்த மீன், விடுவித்த பிறகும் செத்துப்போகக்கூடும். 2015 முதல் அங்கே பிடிபடும் சால்மன் அனைத்தையும் ஆற்றிலேயே விட்டாக வேண்டும் என்னும்போது, வெப்பக் காலத்தில் குளிர்நீர் மடுக்களை அரசு மூடுவது நியாயமே. முன்பதிவின்போது விடுதியினர் அதைப் பற்றி மூச்சே விடாததுதான் என் குறை. இயற்கையை நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். ஆகவே, உங்கள் மடுக்களில் எவை மூடப்படக்கூடியவை, மூடினால் மாற்று இடம் எது, பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலை முழுவதும், மீனே இல்லாத ஆழமற்ற நீரில் வீசிப் பழகினேன்.

அன்றிரவு மழை கொட்டியது. மறுநாள் விடியலில், மூடப்படாத ஒரு மடுவில் வழிகாட்டியின் வெப்பமானி 18 காட்டியது. மான்முடியால் சுருட்டுப்போலக் கட்டிய பாம்பர் என்னும் மிதக்கும் ஈயை (தூண்டில் கொக்கியில் கட்டும் செயற்கைப் பூச்சி) நோக்கி ஒரு மீன் இரண்டு முறை எழும்பி வந்து, தொடாமலே திரும்பியது. ஆற்றுக்குள் வந்துவிட்ட சால்மன் இரை தேடுவதில்லை, ஏன்தான் எழும்புகிறதோ! உடனே மறுபடி வீசத் துடித்த என் கையைப் பிடித்து நிறுத்திய வழிகாட்டி, ஐந்து நிமிடம் பொறுத்து, அதைவிடச் சிறிய ஈயைக் கட்டிக் கொடுத்தார். மூன்றாம் முறை அது கவ்வியது. 63 சென்டிமீட்டருக்கும் குறைவான இளமீன்தான். ஆனாலும் முழங்கால் நடுங்கியது. எதிர்முள் இல்லாத கொக்கி எளிதில் கழன்றது. நீரோட்டத்துக்கு எதிர்முகமாக ஏந்தியிருந்தேன். வாலை ஒருமுறை உதறிவிட்டுப் போய்விட்டது.

அடுத்த ஆண்டு முன்பதிவுக்குத் தள்ளுபடி தருவதாக விடுதியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. மேலே சொன்ன கேள்விகளைப் பதிலாக அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு நாட்களாகியும் விடையில்லை.