தாய்லாந்துக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியவை

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்தான். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் விடியும் நேரத்தில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். இவ்வளவு பக்கம் என்பதாலேயே பலர் ஊட்டிக்குப் போவதுபோலப் புறப்பட்டுவிடுகிறார்கள். தூக்கம் கெட்ட கண்களோடு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, பணம் எங்கே மாற்றுவது, எந்த டாக்ஸியில் ஏறுவது என்று அங்கே நின்று யோசிக்கும்போதுதான் வீண்செலவும் தொல்லையும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அம்மா, மனைவி, மகளோடு போய்வந்த பிறகு எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: அங்கே எடுக்க வேண்டிய முடிவுகளை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எடுத்துவிட வேண்டும். களைத்திருக்கும் நேரத்தில் நமக்காக முடிவெடுக்க அங்கே பலர் காத்திருக்கிறார்கள்.

முதலில் காகித வேலை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறை, கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் நிரப்பினால் போதும், ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். அது அரசுத் தளம் அல்ல.

விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் முதல் நாணய மாற்றுக் கவுன்டரில் பணத்தைக் கொடுக்காதீர்கள். கீழ்த்தளத்தில், நகருக்குப் போகும் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள சிறிய கவுன்டர்களில் நல்ல விலை கிடைக்கும். ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) மேல் கட்டணம் பிடிப்பார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நஷ்டம். 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?' என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி பாட் கணக்கிலேயே எடுங்கள். சம்மதித்தால் ரூபாய் மதிப்பை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள்.

டாக்ஸிக்கு, தரைத்தளமான முதல் தளத்தில் சீட்டுக் கொடுக்கும் இயந்திரம் இருக்கிறது. சீட்டில் உள்ள எண்ணில் நிற்கும் வண்டியில் ஏறி, மீட்டர் போடச் சொல்லுங்கள். மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட் உண்டு, மேம்பாலச் சுங்கமும் நம் பொறுப்பு. இவை இரண்டும் நியாயமானவை, தகராறு செய்ய வேண்டாம். இறங்கும்வரை சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பெட்டியை மறந்து வைத்துவிட்டால் வண்டியைக் கண்டுபிடிக்க அந்தச் சீட்டுதான் துணை.

வயதானவர்களோடு போகிறவர்கள் காப்பீட்டை வெறும் சடங்காக நினைக்கக் கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. டிக்கெட்டோடு சேர்த்து ஒரு டிக் அடித்தால் கிடைக்கும் மலிவுக் காப்பீட்டின் விதிகளை வரிவரியாகப் படித்தபோது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதில் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தது. அதை விட்டுவிட்டு, அந்த நோய்களால் வரும் அவசர நிலைக்கும் பணம் தருவதாக எழுத்தில் சொல்லும் பாலிசியை எடுத்தோம். விலை கூடுதல்தான். ஆனால் அங்கே தனியார் மருத்துவமனைகள் சிகிச்சைக்கு முன்பே பணத்துக்கு உத்தரவாதம் கேட்பது வழக்கம் என்பதால் அது வீண்செலவு அல்ல. மாத்திரைகளை டப்பாவில் கொட்டி வைக்காமல் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இன்சுலின் சரக்குப் பெட்டிக்குப் போகவே கூடாது. குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். பவர் பேங்கும் கைப்பையில்தான்.

இனி அரண்மனைக்கு வருகிறேன். பாங்காக்கின் பெரிய அரண்மனையை நெருங்கியபோது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் எதிரே வந்தார். கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "இன்று காலை பூஜை இருக்கிறது, மதியம்தான் திறப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் கனிவாகச் சொல்லிவிட்டு, மடித்த வரைபடத்தை விரித்துப் பேனாவால் மூன்று வட்டம் போட்டார். அதுவரை பெரிய புத்தர் சிலையையும் இன்னொரு கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம், டுக் டுக் எனும் ஆட்டோவுக்கு வெறும் 20 பாட் என்றார். மூன்றாவது வட்டம் நகைக்கடை. வண்டியும் ஏற்கெனவே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. அம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. "பாவம், இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாரே" என்றார். "உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளலாம், வாங்கம்மா" என்று கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டு போனேன். வாசல் திறந்திருந்தது, மக்கள் வெள்ளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

இது அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் ஏமாற்று வேலை. பயணிகளைக் கொண்டுவந்து இறக்கும் ஓட்டுநருக்குக் கடைக்காரர்கள் பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ தருகிறார்கள். மட்டமான கல்லை மாணிக்கம் என்று விற்றுவிடுகிறார்கள். அரண்மனை காலை 8.30 மணிக்குத் திறந்துவிடும், டிக்கெட் 500 பாட். அரச சடங்குகளுக்காக மூடும் நாட்கள் அதன் இணையதளத்திலேயே இருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். தெருவில் நின்று 'மூடியிருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், எந்த ஊராக இருந்தாலும் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் மஞ்சள் நிறத்தில், சிவப்பு எழுத்து போட்ட சிறு கொடி தொங்கும் கடைகளைத் தேடுங்கள். அந்த எழுத்து பார்வைக்கு 17 என்ற எண்ணைப் போல இருக்கும். அங்கே மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. அம்மா மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடத் தயாராக இருந்தார். பாங்காக்கின் சிலோம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்து மக்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கவே போக வேண்டும்.

தீவுப் பக்கம் போனால் கவலைப்பட வேண்டியவை இரண்டு: ஸ்கூட்டர், கடல். நம்மூர் லைசென்ஸ் மட்டும் போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது இல்லாமல் விழுந்து அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். வாடகைக்குக் கொடுப்பவர் அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். வண்டியை எடுக்குமுன் எல்லாப் பக்கமும் கீறல் தெரிய வீடியோ எடுங்கள். கடலில் ஓட்டும் ஜெட் ஸ்கீக்கும் இது பொருந்தும். 'இந்தக் கீறல் நீங்கள் போட்டது' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு.

கடலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர்வரை பருவமழைக் காலம். கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்காதீர்கள். பார்வைக்கு அமைதியாகத் தெரியும் நீர்கூட ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். கொடியைப் பார்த்தும் இறங்கியவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உயிரை விடுகிறார்கள். மகள் அழுதாள், கெஞ்சினாள். நாங்கள் மணலிலேயே இருந்தோம். சில கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். அது ஜெல்லி மீன் கொட்டினால் ஊற்றுவதற்கு. கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது.

இ-சிகரெட் அங்கே சட்டவிரோதம், பெட்டியில் வைத்திருந்தாலே வம்பு. அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேச வேண்டாம், சிறைவரை போகும். புத்த பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது, புகைப்படத்துக்காக நெருங்கி நிற்பதையும் தவிருங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். நகல் ஒன்றைத் தனியாக வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் வேலை எளிதாகும். சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669. இவற்றையும் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணையும் செல்பேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள். ஹோட்டல் முகவரியைத் தாய் எழுத்தில் அச்சிட்ட அட்டை வரவேற்பு மேசையில் கிடைக்கும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் பெரியவர்கள் அதை எந்த டாக்ஸிக்காரரிடமும் நீட்டலாம். ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமில்லை.